இரண்டாவது பிரேக்

“பயந்தா உன் கை முதல்ல எங்க போகும்?”

கொக்கு அண்ணன் இதைக் கேட்டபோது நான் மைதானத்து ஓரத்தில் நின்று காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் பாராமோட்டார் ஓட்டுகிறவர். முதுகில் ஒரு மோட்டாரையும் அதன் விசிறியையும் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே விரியும் துணி இறக்கையில் தொங்கியபடி பறக்கிறவர். ஒல்லி, உயரம், நீளக் கால், அதனால் கொக்கு. தன்னிடம் பறக்கக் கற்க வருகிற எல்லோரிடமும் முதல் நாள் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார். நான் கற்க வரவில்லை, சும்மா நின்றேன். சும்மா நின்றதற்கும் கேட்டுவிட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வாயைப் பொத்துமா, கண்ணை மூடுமா, பக்கத்தில் இருப்பவர் சட்டையைப் பிடிக்குமா? பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் இருந்த நேரம் அது. அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒருவரிடம் கணக்கு, ஒருவரிடம் சட்டம், பக்கத்து வீட்டு மாமியிடம் விலங்கு மருத்துவம். இந்தக் கேள்விக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

“அக்காகிட்ட கேளுங்கண்ணா” என்று நழுவிவிட்டேன்.

அக்காவுக்குக் கை போகாது, கால்தான் போகும் என்பது அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இது அக்காவின் கதை.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றால் அப்பா விட்டுப்போன ஒரு வெள்ளைக் கார், அதன் கூரையில் ஒரு பலகை, எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட ஒரு படம். அவ்வளவுதான். அந்தக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டின் கீழே இன்னொரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தவறு செய்தால் அக்கா மிதிப்பதற்காக. அந்த பிரேக்குக்குக் கீழே போட்டிருந்த ரப்பர் விரிப்பு தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. அக்கா வாங்கும் செருப்புகளில் வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் பல்லிளித்துவிடும்.

மிதிப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். தெருவில் விளையாடும் பிள்ளை பந்தைத் தவறவிடும் முன்பே அவளுடைய கால் கீழே போயிருக்கும். இத்தனை வருஷத்தில் அந்தக் காரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. ஆனால் அவளிடம் கற்றவர்கள் யாரும் முதல் தடவை டெஸ்ட்டில் தேறியதில்லை. டெஸ்ட் நாளன்று அவளுடைய சீட்டில் அதிகாரி உட்காருவார். அவர் மிதிக்க மாட்டார். எங்கள் ஸ்கூலுக்குத் தெருவில் ‘ரெண்டாம் தடவை’ என்று பட்டப்பெயர். அதிகாரி ரொம்பக் கறார் என்று அக்கா எல்லோருக்கும் சமாதானம் சொல்லுவாள். அவளே அதை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

கொக்கு அண்ணனும் அவளிடம் படித்தவர்தான். இரண்டு தடவை தோற்றவர்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய வெற்று மைதானம் இருக்கிறது. எதையோ கட்டுவதாகச் சொல்லி மண்ணைச் சமப்படுத்திவிட்டு மறந்துபோன இடம். அக்கா அங்கேதான் ரிவர்ஸ் எடுக்கப் பழக்குவாள். ஒரு நாள் சாயங்காலம் ஒரு மருந்துக்கடைக்காரருக்கு அவள் ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே மர அறுவை மில் ஒன்று நகர்ந்து போவதுபோலச் சத்தம். மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மேலே பார்த்தார். அக்கா பிரேக்கை மிதித்துவிட்டு மேலே பார்த்தாள். ஆரஞ்சு நிற இறக்கை ஒன்று வட்டமடித்து இறங்கியது. அதிலிருந்து இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து, “அக்கா, என்னத் தெரியுதா?” என்றார்.

அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். எங்கள் வீட்டில் நான்தான் ஓர் இடத்தில் இருக்காதவள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டாள்.

“பத்து வருஷமா ஸ்டியரிங் இல்லாத சீட்லயே உட்கார்ந்திருக்கேன்மா” என்றாள் அக்கா.

அம்மாவுக்குப் புரியவில்லை. “ஸ்டியரிங் இருக்கிற சீட்ல உட்காரேன். யாரு வேண்டாம்னா?” என்றாள். பறக்கக் கற்றுக்கொள்ளப்போகிறேன் என்று அக்கா விளக்கிச் சொன்னதும் அம்மாவுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். நாள் முழுக்க மாவுக்கட்டுப் போடுவது அவள் வேலை. யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கை காலைத்தான் பார்ப்பாள். ஒடிந்திருப்பதைப் பார்த்தே எப்படி ஒடிந்தது என்று சொல்லுவாள்: இது மாடிப்படி, இது பைக், இது ஏணி, இது மாடிப்படி என்று பொய் சொல்கிற அண்ணன் தம்பி சண்டை. அவளிடம் போய்ப் பறக்கப்போகிறேன் என்றால் எப்படி இருக்கும்? அன்றைக்கு அவள் திட்டியதை எல்லாம் இங்கே எழுதினால் இடம் போதாது. கடைசியில், அக்காவைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள். சும்மாதானே இருக்கிறாய், நீயும் கூடப் போ, அங்கே நடப்பதை வந்து சொல், என்றாள். அப்படித்தான் நான் அம்மாவின் ஒற்றராக அந்த மைதானத்துக்குப் போனேன்.

முதல் நாள் கொக்கு அண்ணன் அக்காவை ஓர் இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டார். பறக்கும்போது உட்காரும் பட்டை இருக்கையை அந்தச் சட்டத்தில் மாட்டி, தலைக்கு மேலே இரண்டு கைப்பிடிகளையும் கட்டியிருந்தார். அந்த இரண்டும்தான் பிரேக். இடது கைப்பிடியை இழுத்தால் இறக்கை இடது பக்கம் திரும்பும். வலதை இழுத்தால் வலது பக்கம். இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் குறையும். ரொம்ப இழுத்தால் இறக்கை காற்றைப் பிடிப்பதை நிறுத்திவிடும், அப்புறம் அது இறக்கை இல்லை, வெறும் துணி. இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே பின்னால் போனவர், சொல்லாமல் கொள்ளாமல் இருக்கையைப் பிடித்து உலுக்கினார்.

அக்காவின் வலது கால் விறைத்து நீண்டு காற்றை மிதித்தது.

கொக்கு அண்ணன் சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “அக்கா, அங்க ஒண்ணும் இல்லக்கா” என்றார்.

“தெரியும்” என்றாள் அக்கா கோபமாக. மறுபடி உலுக்கினார். கால் மறுபடி போனது. இந்தத் தடவை கைகளும் சேர்ந்து கைப்பிடிகளை அடிவரை இழுத்துவிட்டன.

“கைய மேல விடுங்கக்கா. பயம் வந்தா கை மேல. அது பறக்கிற சாமான், அதப் பறக்க விடுங்க.” சொல்லிக்கொடுக்கிறவர் இருபத்தைந்து வயதுக்காரர், கேட்கிறவள் அக்கா. திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்ட வேண்டியிருந்தது. அது அவருக்குப் பெரிய கஷ்டம்.

பிறகு பல வாரங்கள் தரையில்தான் பாடம். மோட்டார் கிடையாது. இறக்கையை மண்ணில் விரித்து, கயிறுகளைப் பிரித்து, காற்றைப் பார்த்து இழுத்துத் தலைக்கு மேலே நிற்கவைக்க வேண்டும். அது நிற்காது. சாயும், மடங்கும், ஆளை இழுத்துக்கொண்டு போகும். அக்கா அதோடு மைதானம் முழுக்க ஓடினாள். அடங்காத எருமையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள்போல இருந்தது. வீட்டுக்கு வந்தால் முட்டியெல்லாம் மண். அம்மா முட்டியை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

மற்ற நாட்களில் காத்திருந்தோம். இந்த வேலையில் காத்திருப்பதுதான் அதிகம் என்பது எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. வெயில் ஏறினால் மண் சூடாகிக் காற்று குதிக்கும், பறக்கக் கூடாது. அதனால் விடிந்ததும் அல்லது பொழுது சாயும்போது மட்டும்தான். அப்போதும் காற்று பலமாக இருந்தால் கிடையாது. கம்பத்து உச்சியில் ஒரு துணிக்குழாய் கட்டியிருந்தார்கள். அது விறைப்பாக நின்றால் காற்று அதிகம் என்று அர்த்தம். நான் அதையே முறைத்துக்கொண்டிருப்பேன். இறங்கு, இறங்கு என்று மனதுக்குள் அதட்டுவேன். அது இறங்காது. மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்புவோம். எனக்கு அழுகை வரும். அக்காவுக்கும் இருப்புக்கொள்ளாது, காரைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்ப்பாள். கொக்கு அண்ணன் மட்டும் வாயில் ஒரு புல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கால் ஆடவே ஆடாது. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இடையில் அவர் அக்காவை முன்னால் உட்காரவைத்துச் சில தடவை கூட்டிக்கொண்டு பறந்தார். அதன் பிறகு ஒரு காலை நேரம் அக்கா தனியாகப் போனாள். முதுகில் மோட்டாரோடு நிற்கவே அவள் தள்ளாடினாள். ஆனால் ஓடத் தொடங்கியதும் தடுமாறவில்லை. இறக்கை தலைக்கு மேல் வந்து நின்றது, மோட்டார் உறுமியது, கால் மண்ணை விட்டுவிட்டது. அவளுடைய கால்கள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. நான் கத்தினேனா இல்லையா என்று தெரியவில்லை. தொண்டை மட்டும் மறுநாள் வரை வலித்தது.

பறப்பதில் அவளுக்குக் குறையே இல்லை. திரும்பச் சொன்னால் திரும்பினாள், உயரச் சொன்னால் உயர்ந்தாள். வம்பெல்லாம் இறங்குவதில்தான்.

இறங்கும்போது மோட்டாரை அணைத்துவிட வேண்டும். அப்புறம் இறக்கை தானாகச் சறுக்கி வரும். கைகள் மேலேயே இருக்க வேண்டும். தரை நெருங்கி வந்து, கால் தொடப்போகிறது என்கிற அந்தக் கடைசி நொடியில் இரண்டு பிரேக்கையும் முழுதாக இழுக்க வேண்டும். வேகம் அடங்கும், மாடிப்படியில் கடைசிப் படி இறங்குவதுபோல இறங்கி நிற்கலாம். முன்கூட்டி இழுத்தால் இறக்கை அங்கேயே, உயரத்திலேயே நின்றுவிடும். ஆள் பொத்தென்று விழுவார்.

அக்காவோ வாழ்நாள் முழுக்க முன்கூட்டி மிதித்தே பெயர் வாங்கியவள்.

கொக்கு அண்ணன் வாக்கி டாக்கியில் அவள் காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பார். “இன்னும் இல்ல. இன்னும் இல்ல. இன்னும் இல்லக்கா...” மூன்றாவது ‘இல்ல’ முடிவதற்குள் அவள் இழுத்துவிடுவாள். முதல் தடவை முட்டியில் விழுந்தாள். அடுத்த தடவை கையை ஊன்றி விழுந்தாள். அதற்கடுத்த தடவை வலது கணுக்கால் மடங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வலியில் முகம் வெளுத்திருந்தது, ஆனால் அந்தக் கால் அப்போதும் எதையோ மிதிக்கப்போவதுபோல விறைத்தே இருந்தது.

வீட்டில் அக்காவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அம்மா கட்டுப் போட்டாள். எலும்பு பிழைத்துவிட்டது, தசைநார் சுளுக்கு என்றாள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாய் என்று கேட்கவில்லை. கட்டைச் சுற்றிக்கொண்டே, “ரெண்டு ஆள் உயரம்” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். கட்டுத் துணி அவள் கையிலிருந்து நழுவி உருண்டதை நான் முதல் தடவையாக அன்றைக்குப் பார்த்தேன். தினமும் எத்தனையோ பேருக்குக் கட்டுப் போடுகிற கை.

அக்காவும் அதைப் பார்த்திருக்க வேண்டும். யாரும் கேட்காமலே, “இன்னொரு தடவ விழுந்தேன்னா நானே விட்டுடறேன்மா” என்றாள்.

அம்மா முடிச்சைப் போட்டு முடித்தாள். “சத்தியமெல்லாம் வேண்டாம். காதுல வாங்கிக்கிட்டேன்” என்றவள் என்னைப் பார்த்து, “நீயும் வாங்கிக்கிட்டியா?” என்றாள்.

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் வீட்டில் மிகவும் மோசமானவை. அக்கா நொண்டி நொண்டி நடந்தாள். காலில் கட்டோடு பக்கத்து பிரேக்கை மிதிக்க முடியாது என்பதால் கற்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். டிவியைப் போடுவாள், அணைப்பாள். நானும் அதே அறையில் சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டோம். கடைசியில் ஒரு நாள், “வாடி, காரை எடு. எஞ்சின் சும்மா கிடந்தா கெட்டுடும்” என்றாள்.

நானும் அவளிடம்தான் கார் பழகிக்கொண்டிருந்தேன். டெஸ்ட்டுக்கு இன்னும் போகவில்லை, ஆனால் போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மாமா காரை மைதானம்வரை ஓட்டிவந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மைதானத்தில் மட்டும் ஓட்டு, ரோட்டுக்கு வராதே என்று அக்கா சொல்லி, கையை ஹேண்ட் பிரேக் மேலே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட காலைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள்.

நான் ஒரு சுற்று சுற்றிவிட்டு இரண்டாவது சுற்றில் போய்க்கொண்டிருந்தேன். ஓர் ஆள் சைக்கிளில், ஒரு கையில் போனைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்தார். அவர் வந்த வழியும் நாங்கள் போன வழியும் சேர்கிற இடம் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் அக்காவின் உடம்பு துள்ளியது. கால் கிளம்பியது, வலி இழுத்தது, “ஆ” என்றாள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நான் மிதித்திருந்தேன். கார் குலுங்கக்கூட இல்லை. மெதுவாக, அழகாக நின்றது. சைக்கிள்காரர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ அந்த ஆளப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“எப்ப?”

“அவரு ஓரத்து மரத்தத் தாண்டும்போதே.”

“இதுக்கு முன்னாடி எல்லாம் பார்த்ததே இல்லையே நீ.”

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. “எப்பவும் பார்ப்பேன்க்கா. நான் கால எடுக்கிறதுக்குள்ள உன் கால் அங்க இருக்கும். அப்புறம் நான் எதுக்கு மிதிக்கணும்? விட்டுட்டேன்” என்றேன்.

அவள் காரை அணைக்கச் சொன்னாள். கண்ணாடி வழியாகத் துணிக்குழாய் தெரிந்தது, தொங்கிப்போயிருந்தது, பறக்க ஏற்ற காற்று. அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். யார் யாரெல்லாம் டெஸ்ட்டில் தோற்றார்களோ அவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அல்லது தன்னுடைய காதுக்குள் ‘இன்னும் இல்ல, இன்னும் இல்ல’ என்று கேட்கும் குரலை நினைத்தாளோ என்னவோ. திடீரென்று, “கொக்குக்கு போனைப் போடு” என்றாள்.

போனில் இரண்டு பேர் பேசியதும் எனக்குக் கேட்டது. அக்கா சொன்னது இதுதான்: கால் சரியானதும் ஒரு தடவை பறக்கப்போகிறேன், அதுதான் கடைசியாகக்கூட இருக்கலாம். அன்றைக்கு நான் இறங்கும்போது எதுவும் பேசாதீர்கள். ஆபத்து என்றால் மட்டும் கத்துங்கள், மற்றபடி வாயைத் திறக்கக் கூடாது.

கொக்கு அண்ணன் முடியவே முடியாது என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழுகிறீர்கள், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

“நீங்க சொல்லிக்கிட்டே இருக்கிற வரைக்கும் நான் தரையப் பார்க்க மாட்டேங்கிறேன் தம்பி. உங்க குரலுக்கு முந்திக்கணும்னுதான் கை போகுது” என்றாள் அக்கா. பிறகு கொஞ்சம் தயங்கி, “நீங்க ரெண்டு தடவ தோத்தது என்னாலதான் போலிருக்கு” என்றாள்.

அந்தப் பக்கம் அவர் ஒரு தடவை கனைத்துக்கொண்டார். அப்புறம் அவர், “அத நான் வேற ஸ்கூல்ல சேர்ந்தப்பவே கண்டுபிடிச்சுட்டேன்க்கா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றார்.

கால் சரியாகி அம்மா கட்டைப் பிரித்த பிறகும் காற்று விடவில்லை. இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பினோம். மூன்றாவது தடவை விடியற்காலையில் போனபோது துணிக்குழாய் தூங்குவதும் விழிப்பதுமாக லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கொக்கு அண்ணன் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார். கொஞ்சம் பார்த்தார், நிறையப் பார்த்தார், கடைசியில் தலையாட்டினார்.

அக்கா கிளம்பினாள். எப்போதும்போல ஓட்டம், உறுமல், காற்றில் ஓடும் கால்கள். மைதானத்தை இரண்டு தடவை சுற்றினாள். ஆரஞ்சு இறக்கையில் அப்போதுதான் வெயில் பட்டது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது எங்கள் காருக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள்.

ராத்திரி டியூட்டி முடித்து நேரே வந்திருக்கிறாள். வெள்ளைச் சீருடையில் மாவுப் புள்ளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. நான் போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள். மேலே பார்க்கவில்லை. இறங்கப்போகும் இடத்து மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே மோட்டார் நின்றது.

அந்த அமைதி எனக்குப் பிடிக்காது. மோட்டார் சத்தம் இருக்கும்வரை எல்லாம் சரியாக நடப்பதுபோல இருக்கும். அது நின்றதும் கயிறுகளில் காற்று உரசும் ஓசை மட்டும் கேட்கும். அக்கா சறுக்கி வந்தாள். கைகள் மேலே இருந்தன. கொக்கு அண்ணன் வாக்கி டாக்கியை வாயருகே வைத்திருந்தார். உதடு அசைந்தது, ஆனால் பொத்தானை அழுத்தவில்லை. பனைமர உயரம். வீட்டு உயரம். அங்கேதான் அவள் வழக்கமாக இழுப்பாள். “சொல்லுங்கண்ணா” என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கால் ஓடியது. என் வலது கால் மண்ணை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

ஆள் உயரம். அவளுடைய கைகள் இறங்கவில்லை. மண் அவளை நோக்கி விரைந்து வந்தது. இனி இழுத்தாலும் பயனில்லை, தாமதமாகிவிட்டது என்று நான் நினைத்த நொடியில் அவள் இரண்டு கைகளையும் இடுப்புவரை இழுத்தாள். இறக்கை பின்னுக்குச் சாய்ந்து காற்றை அள்ளியது. இரண்டு கால்களும் தரையைத் தொட்டன. மூன்று நாலு அடி ஓடினாள். நின்றாள்.

நின்றுவிட்டாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. சிரித்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பினாள். அங்கேதான் தப்பு. இறங்கியதும் இறக்கையைப் பார்த்துத் திரும்பி, ஒரு பக்கக் கயிற்றை இழுத்து அதை அடக்கிப் படுக்கவைக்க வேண்டும். அக்கா அதை மறந்தாள். பின்னால் சரிந்துகொண்டிருந்த இறக்கையில் அந்த நேரம் பார்த்து ஒரு காற்று நுழைந்தது. துணி நிமிர்ந்து, பின்னுக்கு ஓர் இழுப்பு இழுத்தது. அக்கா கை இரண்டையும் விரித்தபடி, மோட்டாரோடு, ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோலப் பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தாள்.

கொக்கு அண்ணன் ஓடிப்போய் இறக்கையை அமுக்கினார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து அம்மாவைப் பார்த்துவிட்டாள். அவளுடைய சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது.

அம்மா நடந்து போனாள். நானும் பின்னால் போனேன். அவள் குனிந்து அக்காவின் வலது கணுக்காலைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். அப்புறம் இடது கால். அப்புறம் முட்டி.

“எந்தக் கால் முதல்ல பட்டுச்சு?”

“ரெண்டும் சேர்ந்தும்மா.”

“ஓடினியா?”

“ஓடினேன்.”

“அப்புறம்?”

“நின்னேன். அப்புறம்...” அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஹெல்மெட் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். “சொன்ன சொல் சொன்னதுதான். நான் விழுந்துட்டேன், விட்டுடறேன்” என்றாள்.

அம்மா கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். “நீ விழுந்தியா இல்லையான்னு நீ சொல்லாத. முப்பது வருஷமா விழுந்தவங்களத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றாள். “நீ இறங்கின, நின்ன, அப்புறம் உட்கார்ந்த. உட்கார்ந்ததுக்கு எல்லாம் நான் கட்டுப் போடறதில்ல.”

அக்கா அழுதாளா சிரித்தாளா என்று என்னால் சொல்ல முடியாது, முகத்தில் மண் இருந்தது. அம்மா அதற்குள் கொக்கு அண்ணன் பக்கம் திரும்பிவிட்டாள். அந்தத் துணியை அடக்குவதை நீங்கள் முதலில் சொல்லித்தரவில்லையா என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். சொல்லித்தந்தேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. நீளக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்தபோது, கடைசியில் இவருக்கும் கால் ஆடுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

அம்மா இப்போதும் பயப்படுகிறாள். அக்கா பறக்கும் நாட்களில் போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறாள். அக்கா விழாமல் இருக்கிறாள் என்றும் நான் சொல்லவில்லை. போன மாதம் ஒரு முள்செடிமேல் இறங்கினாள். அது இறங்குவதா விழுவதா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஆனால் காரில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. மைதானத்தில் பழக்கும்போது அக்கா இரண்டு கால்களையும் சீட்டுமேல் மடித்து வைத்துக்கொள்கிறாள். ரோட்டில் கால் கீழேதான் இருக்கிறது, ஆனால் பொறுக்கிறது. பொறுக்கும்போது தனக்குத்தானே, “இன்னும் இல்ல, இன்னும் இல்ல” என்று முணுமுணுக்கிறாள். கற்க வருகிறவர்கள் அது தங்களுக்குச் சொல்வது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பயந்து ஓட்டுகிறார்கள். அந்த மருந்துக்கடைக்காரர் முதல் தடவையே டெஸ்ட்டில் தேறிவிட்டார். தேறியவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அதிகாரி ஏதோ தவறு செய்துவிட்டார் போலிருக்கிறது, நான் திரும்பப் போய்க் கேட்கட்டுமா என்றார்.

நானும் டெஸ்ட்டுக்குப் போகப்போகிறேன். அடுத்து என்ன படிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கால் இன்னும் ஆடுகிறது, இதை எழுதும்போதும் மேஜை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கொக்கு அண்ணனின் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்துவிட்டது. பயந்தால் என் கை எங்கேயும் போகாது. எனக்கு முன்னால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று காத்திருக்கும். நான் பார்த்துக்கொண்டே சும்மா இருந்துவிடுகிறவள். அதை வெளியே சொல்லவே எனக்கு இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாருக்காவது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, அவர்கள் பார்க்கும் முன்பே மிதித்துவிடுகிற ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டிலேயே இருக்கலாம். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள், அவர் பயத்தில்தான் செய்கிறார். அவரிடம் என் அக்காவின் கதையைச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் சிரித்தால், இன்னொருவரிடம் சொல்லும்படி அவரிடமும் சொல்லுங்கள். அக்காவுக்குப் பெயர் வேண்டாமாம். முள்செடியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம் என்கிறாள். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.